சீட்டு எடுத்த மாதம், தவணை ஓடும் மாதம்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெங்களூரில் ஒரு வீட்டுக்குப் புதிதாக மிக்ஸியோ டேபிள் ஃபேனோ வந்தால், அது வந்த மாதத்தை வைத்தே பணம் எங்கிருந்து வந்தது என்று தெரு கணக்குப் போட்டுவிடும். தீபாவளிக்கு முன்னால் வந்தால் போனஸ். வீட்டில் கல்யாணம் முடிந்த கையோடு வந்தால் பி.எஃப். லோனில் மிஞ்சியது. இரண்டும் இல்லாத மொட்டை மாதத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்: "சீட்டு எடுத்திருக்காங்க."

இப்போது எதிர் ஃபிளாட்டுக்கு எல்லா மாதமும் அட்டைப்பெட்டி வருகிறது. எந்தப் பணத்தில் வாங்கினார்கள் என்று லிஃப்டில் கூட நிற்பவருக்குத் தெரியாது. சில சமயம் வாங்கியவருக்கே கார்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஆசை கூடிவிட்டது, சிக்கனம் போய்விட்டது என்று பெரியவர்கள் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. அன்றைக்கும் ஆசை இருந்தது. இன்றைக்கும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறவர்கள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மாறியது வரிசை. முன்பு சேமிப்பு முதலில், அனுபவிப்பது பிறகு. இன்று பலருக்கு அனுபவிப்பது முதலில், சிக்கனம் அதற்குப் பின்னால் தவணை தவணையாக. வரிசை மாறியபோது கூடவே இன்னொன்றும் மாறியது. அவசரப்படுகிறவர் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் அது.

முதலில் அந்தப் பழைய சம்பளக்காரர்களின் பெங்களூரைச் சொல்ல வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் எச்.ஏ.எல். 1940இல் தொடங்கியது, ஐ.டி.ஐ. 1948இல், எச்.எம்.டி. 1953இல், பி.இ.எல். 1954இல். அதற்கும் முன்பே 1884இலிருந்து பின்னி மில் ஓடிக்கொண்டிருந்தது. வேலூர், தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூர், சிவாஜி நகர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று குடியேறி, இந்தத் தொழிற்சாலைகளின் சங்கொலிக்கு ஏற்ப வாழப் பழகின. சம்பள நாளன்று கவர் சாமி படத்தின் காலடியில் இருந்துவிட்டு அம்மாவின் கைக்கு வரும். வாடகை, ரேஷன், பால், பள்ளிக்கூடம், ஊருக்கு மணியார்டர். இவற்றோடு சேர்த்து, இவற்றுக்குச் சமமாக, சீட்டுப் பணம். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை. மிஞ்சாது என்று தெரியும்.

கடைக்காரர்களுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. 1925இல் உடுப்பியில் தொடங்கி பிற்பாடு சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்ற வங்கி, 1928இல் 'பிக்மி' என்ற சேமிப்பை அறிமுகப்படுத்தியது. வங்கியின் ஏஜென்ட் தினமும் கடை வாசலுக்கே வந்து குறைந்தது இரண்டணா வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். நெசவாளிக்கும் சில்லறை வியாபாரிக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றன்றைய கல்லாவிலிருந்து அன்றன்றே எடுத்தால்தான் உண்டு என்பதைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் அது. பெங்களூர்ப் பேட்டைத் தெருக்களில் பிக்மி ஏஜென்ட் கடை ஏறும் நேரத்தை வைத்தே மணி சொல்லலாம் என்பார்கள். அந்த ஏஜென்ட்டுகளும் தொழிலாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆயிற்று. ஊருக்கெல்லாம் சேமிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் சொந்தப் பணிக்கொடை அதுவரை வழக்கில் கிடந்தது. 2020 ஏப்ரலில் அந்த வங்கி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியோடு இணைந்துவிட்டது.

இனி சீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சீட்டு பிடிக்கும் அக்காவின் கூடத்தில் பாய் விரித்திருக்கும். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, அதற்குள் ஒரு ரீஃபில் பேனா. இருபது பேர், ஆளுக்கு மாதம் 500 ரூபாய், இருபது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுத் தொகை 10,000. அதில் அதிகம் தள்ளிக் கேட்பவருக்கே அந்த மாதப் பணம். அக்கா ஆரம்பிப்பார். "ஐந்நூறு தள்ளு, யார் கேக்கறீங்க?" ஓரத்தில் ஒருவர், "ஆயிரம்." சுவரோரம் இன்னொருவர், "ஆயிரத்து ஐந்நூறு." பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கவோ கூரை ஒழுக்கை அடைக்கவோ பணம் தேவைப்படுகிறவர் குரலில் தடுமாற்றம் தெரியும். "ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்று அவர் சொன்னதும் அறை அமைதியாகும். "ஒரு தரம்... ரெண்டு தரம்..."

அவர் கைக்கு 7,500 வரும். அவர் தள்ளிய 2,500இல் சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் நூற்றுக்கு ஐந்து வீதம் 500. மீதி 2,000 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு நூறு. அந்த மாதம் எல்லோரும் 500க்குப் பதில் 400 கட்டினால் போதும். கடைசி மாதம்வரை பொறுத்திருப்பவருக்கு ஏலம் இல்லை, தள்ளு இல்லை. கமிஷன் போக முழுத்தொகை. நடுவில் அத்தனை மாதமும் குறைத்துக் கட்டிய லாபம் வேறு.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம், அவசரத்தின் விலை அங்கே வாய்விட்டுச் சொல்லப்பட்டதுதான். யாருக்கு எவ்வளவு அவசரம், அதற்கு எத்தனை ரூபாய் என்று இருபது பேருக்கும் கேட்கும். அந்தக் காசும் அந்த அறையைத் தாண்டிப் போகாது. பொறுத்தவர்கள் மடியிலேயே விழும். அடுத்த மாதம் அவசரப்படுவது அந்தப் பொறுத்தவர்களில் ஒருவராக இருக்கலாம், அப்போது இவருக்கு நூறு ரூபாய் திரும்பி வரும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. சீட்டைப் பிடித்தவர் ஒரு ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு போன கதை ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்றாவது உண்டு. 1982இல் மத்திய அரசு சீட்டு நிதிச் சட்டமே கொண்டுவந்தது. பதிவு செய்யாமல் பிடிக்கக் கூடாது, கமிஷனுக்கு வரம்பு என்றெல்லாம் அதில் விதிகள். 2019இல் அந்த வரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார்கள். ஆனால் கூடத்தில் பாய் விரித்துப் பிடிக்கும் சீட்டுக்கு எந்தப் பதிவாளரும் வந்ததில்லை. அக்காவின் முகம்தான் ஜாமீன்.

சரி, சீட்டு எடுத்த மாதம் என்ன நடக்கும்? பெரும்பாலும் கடன் அடையும். ஒரு கிராமோ இரண்டு கிராமோ தங்கம் வாங்கினால் அது செலவிலேயே சேராது. 1980 வாக்கில் 10 கிராம் 1,300 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அன்று வாங்கிய பாட்டிகள் பேசும்போது குரலில் ஒரு மிதப்பு வருவதில் நியாயம் உண்டு. தங்கமும் கடனும் போக ஒரு சின்ன மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில்தான் கொண்டாட்டம்.

கொண்டாட்டம் என்றால் வெளியே சாப்பிடுவது. லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர்., 1924இல் பிறந்த கடை. இரண்டாம் உலகப்போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையில் இட்லி வார்த்துப் பார்த்தவர்கள். எமர்ஜென்சி காலத்தில் ஓட்டல் பண்டங்களின் விலையை அரசு கீழே இறக்கச் சொன்னது. தரத்தைக் குறைத்து விற்க மனமில்லாமல் கடையையே மூடி, மாவுகளையும் பொடிகளையும் பொட்டலம் கட்டி விற்கப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி அடுப்பு மூட்டினார்கள். அதே எமர்ஜென்சிதான் 1975இல் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆக வெட்டியது. தொழிலாளி வீட்டில் தீபாவளியும் சுருங்கியது, அவர்கள் ஆசையாய்ப் போகும் ஓட்டலும் மூடிக் கிடந்தது. 1977இல் பழைய விகிதம் திரும்பியது.

அந்தப் பக்கம் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன், 1943இலிருந்து. சர்வர் ஒரு கையில் முழங்கைவரை தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வருவதைப் பார்க்கவே பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். எம்.ஜி. ரோட்டில் தலைப்பாகை வைத்த சர்வர்களோடு இந்தியன் காபி ஹவுஸ். பிரிகேட் ரோட்டில் நீலகிரீஸ். 1905இல் நீலகிரி மலையில் ஒரு தமிழர் ஆரம்பித்த வெண்ணெய் வியாபாரம், 1936இல் இங்கே கடையாக வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அங்கே கேக் வாங்குவது எந்த மதத்து வீட்டுக்கும் ஒரு கௌரவம். அவ்வளவுக்குக் கை நீளாதவர்களுக்கு ஐயங்கார் பேக்கரி இருந்தது. ஒரு தில்பசந்து வாங்கி நான்காக வெட்டினால் நான்கு பேருக்கும் தேங்காய்ப்பூ சமமாக வர வேண்டும். வீட்டில் நடக்கும் பெரிய பஞ்சாயத்து அதுதான்.

பங்கு போடுவதற்கென்றே இந்த ஊர் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது: 'பை டூ'. ஒரு காபி, இரண்டு டம்ளர். சொல்லும் குரலில் துளிக் கூச்சம் இருக்காது. சர்வரும் முகம் சுளிக்க மாட்டார். முழு டம்ளரைக் காலி டம்ளரில் சரித்து, இரண்டையும் ஒட்டி வைத்து மட்டம் பார்த்து, குறைந்ததில் ஒரு சொட்டு விட்டுத் தருவார். எண்பதுகளில் தர்ஷினி ஓட்டல்கள் வந்து, நின்றுகொண்டே சாப்பிட்டுப் போகும் பழக்கம் ஊரெல்லாம் பரவிய பிறகும் பை டூ போகவில்லை. மென்பொருள் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க இன்றும் இரண்டு பேர் கேட்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்க அல்ல, இன்னொரு முறை குடிக்க வரலாம் என்பதற்காக.

பொருள்களில் உச்சம், கைக்கடிகாரம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961இல். முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பையனுக்கு, மாப்பிள்ளைக்கு, முதல் சம்பளம் வாங்கியவருக்கு என்று அதைக் கட்டிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய ஜனதாவை, குளிக்கும் முன் கழற்றி ஜன்னல் கட்டையில் கைக்குட்டை விரித்து வைப்பார்கள். 1987இல் டைட்டன் தன் முதல் ஷோரூமை இங்கே சஃபீனா பிளாசாவில் திறந்தது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக ஓசூரில் தொழிற்சாலை போட்ட நிறுவனம். சாவி கொடுக்கத் தேவையில்லாத குவார்ட்ஸ் கடிகாரங்களை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2016 ஜனவரியில். செய்தி வந்ததும் மிச்சமிருந்த சரக்கை வாங்க ஜனங்கள் வரிசை கட்டினார்கள். இன்று அப்பாவின் ஜனதாவைப் பழுது பார்த்துக் கட்டிக்கொள்வதும், பழைய பைலட்டைத் தேடிப்பிடித்து வாங்குவதும் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குத் தனி மோகம். தாத்தா சேமித்து வாங்கியதை விடப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள்.

இந்தப் பழைய காலத்தைப் பொறுமையின் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் செய்யத் தயாரில்லை. அந்தப் பொறுமையில் பாதி தட்டுப்பாடு. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டு காத்திருந்தார்கள். டெலிபோன் இணைப்புக்கும் அப்படியே, அந்த டெலிபோனைச் செய்த ஐ.டி.ஐ. இதே ஊரில் இருந்தும். கையில் பணம் இருந்தும் வாங்க முடியாதவரைச் சிக்கனக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 1980 டிசம்பரிலிருந்து 1981 மார்ச் வரை வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளம் வராத வீடுகளுக்குச் சேமிப்பு என்பது கொண்டாட்டத்துக்கான முன்பணமாக இருக்கவில்லை. அரிசிக்கு ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கொண்டாட்டம் எப்போதும் குடும்பத்துக்கு. தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டால் குற்றம் செய்தது போல. அதிலும் அம்மாக்கள். சீட்டுப் பணம் அவர்கள் பல்லைக் கடித்துச் சேர்த்தது. ஸ்கூட்டர் அப்பாவுக்கு, கடிகாரம் பையனுக்கு, தோடு பெண்ணுக்கு, குக்கர் வீட்டுக்கு. தனக்கு வந்த குக்கரைப் பரிசு என்று நினைத்துச் சிரித்தவர்கள் அவர்கள். இதே ஊரின் தூரவாணி நகரில் செய்யப்பட்ட அந்த பிரெஸ்டீஜ் குக்கரில் அடுத்த முப்பது வருஷம் சமைத்தவர்களும் அவர்களேதான்.

ஆகவே, தனக்கென்று ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெண்ணை இன்று கோரமங்களாவில் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை வீழ்ச்சி என்று சொல்ல என்னால் முடியாது.

மாற்றம் எப்போது வந்தது என்று தேதி குறிக்கச் சொன்னால் பிரிகேட் ரோட்டைக் காட்டலாம். இந்தியாவின் முதல் கே.எஃப்.சி. 1995 ஜூனில் அங்கேதான் திறந்தது. அடுத்த ஜனவரியில் கர்நாடக விவசாயிகள் தலைவர் நஞ்சுண்டசாமியின் சங்கம் உள்ளே புகுந்து நொறுக்கியது. 1996இல் அதே தெருவில் முதல் கஃபே காபி டே. அதே ஆண்டு கன்னிங்ஹாம் ரோட்டில் முதல் பீட்சா ஹட். 2004இல் கோரமங்களாவில் ஃபோரம் மால். 2007இல் அந்த வட்டாரத்து ஃபிளாட் ஒன்றில் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்க ஆரம்பித்தது. எம்.ஜி. ரோட்டுக் காபி ஹவுஸ் 2009இல் இடத்தைக் காலி செய்து சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போயிற்று. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட்டின் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனை. பண்டிகைக் காலத்தை அவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். போனஸ் வரும் மாதம்தான், அதில் மாற்றமில்லை. போனஸே இல்லாதவருக்கும் அந்த மாதத்தைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குத் திறவுகோல், தவணை.

தவணை பழைய சங்கதிதான். பாத்திரக்காரரும் புடவைக்காரரும் தெருத்தெருவாய்த் தவணைக்குக் கொடுத்தவர்களே. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதில்தான் புதுமை இருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இப்படி. 60,000 ரூபாய் போன், ஆறு தவணை, மாதம் 10,000. வங்கி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி போடுகிறது என்றால், ஆறு மாத வட்டி சுமார் 2,540 ரூபாய். அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடும். வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 457 ரூபாய், வாங்குபவர் தலையில். புராசஸிங் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதுவும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் போனைக் கடைக்காரர் உண்மையில் 57,460க்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஆனால் ஆறு மாதம் சேமித்து ரொக்கமாக எடுத்துக்கொண்டு போகிறவரிடம் 60,000 வாங்கிக்கொள்கிறார். பாயில் உட்கார்ந்திருந்த காலத்தில் பொறுத்தவருக்கு நூறு ரூபாய் கிடைத்தது. இங்கே பொறுத்தவர் மற்றவருடைய வட்டிக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். அவசரத்தின் விலை இப்போதும் இருக்கிறது. யாரும் அதை ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுவதில்லை, அவ்வளவே. அது வங்கியின் கணக்குக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் சிக்கனமாக இருப்பவரை முட்டாளாக உணரவைப்பது எதுவோ, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கார்டு பில்லைத் தவறாமல் கட்டுகிறவருக்குப் பரிசுப்புள்ளி தரும் கிரெட் செயலி 2018இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. கடனைக் காலத்தில் கட்டியதற்குத் தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. கடனே வாங்காதவரை யாரும் தட்டிக்கொடுப்பதாகக் காணோம்.

2022-23இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதமாக இறங்கியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் காணாத அளவு. ஜனங்கள் வீடும் வண்டியும் கடனில் வாங்குகிறார்கள், அதுவும் சொத்துதான் என்று அரசு பதில் சொன்னது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. போன் மட்டும் எந்தக் கணக்கிலும் சொத்தாகாது.

இதற்கு நேர் எதிராக, நாற்பது வயதுக்குள் போதுமான அளவு சேர்த்துவிட்டு வேலையை விட்டுவிட வேண்டும் என்று வெறிபிடித்துச் சேமிக்கும் ஒரு கூட்டமும் இங்கே இருக்கிறது. 'ஃபயர்' என்கிறார்கள். பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி. விடுதியில் இருக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். சம்பளத்தில் பாதிக்கு மேல் எஸ்.ஐ.பி. முதலீட்டுக்குப் போய்விடும். காலையும் இரவும் பி.ஜி. சாப்பாடு. ஸ்விக்கியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டான். வருஷத்துக்கு ஒரு தரம் தனக்கென்று ஒரு தொகை ஒதுக்கி, எக்செல் ஷீட்டில் 'எனக்கு' என்று ஒரு வரி வைத்திருக்கிறான். போன வருஷம் அந்த வரியில் 18,000 ரூபாய்க்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினான். தட்டினால் பழைய டைப்ரைட்டர் போல் சத்தம். ஊருக்கு வீடியோ காலில் காட்டியிருக்கிறான். அம்மா கேட்டார்களாம்: "டைப் அடிக்கிற பலகைக்கா பதினெட்டாயிரம்? ரெண்டு கிராம் எடுத்திருக்கலாமேடா." அவர் சொன்ன கணக்கு அன்றைய விலைக்குச் சரியாகவே இருந்தது. அதைவிட, அதற்குப் பிறகு தங்கம் ஏறிய ஏற்றத்தில் இன்னும் சரியாகிவிட்டது. பையன் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த எக்செல்லில் 'அம்மா சொன்னது' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

இப்படியெல்லாம் தேர்ந்தெடுக்க வசதியில்லாதவர்களின் சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதை 2016 ஏப்ரலில் ஊர் பார்த்தது. முதலாளி செலுத்திய பி.எஃப். பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று அந்த பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்திருந்தது. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள், பெரும்பாலும் பெண்கள். மறுநாள் ஊரின் பல பக்கமும் பரவியது, பஸ்கள் எரிந்தன. 19ஆம் தேதி மாலைக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. படித்தவர்கள் பலருக்கு அப்போது புரியவில்லை: வயதான காலத்துக்குப் பணம் பத்திரமாக இருப்பது நல்லதுதானே? தையல் மெஷினில் சில வருஷம் ஓட்டிவிட்டு, வேலையை விட்டு, பி.எஃப்.பை எடுத்துக் கடனை அடைத்து, பிள்ளை ஃபீஸ் கட்டி, ஒரு பீரோவோ கம்மலோ வாங்கி, மறுபடி வேறு ஃபேக்டரியில் சேர்கிறவர்களுக்கு அதுதான் சீட்டு. 58 வயதில் எடுக்கச் சொல்வது, இருபது மாதச் சீட்டை முப்பது வருஷம் ஓட்டு என்று சொல்வது.

இப்படிப்பட்ட பெண்களின் கையில் வேறு வழியிலும் கொஞ்சம் மிச்சமாயிற்று. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதப் பாஸ் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது; அது மிச்சம். மிச்சமான முதல் வாரங்களிலேயே தர்மஸ்தலாவுக்கும் குக்கேவுக்கும் போன பஸ்களில் நிற்க இடமில்லை. கண்டக்டர்கள் திணறினார்கள், ஆண்கள் முணுமுணுத்தார்கள். எத்தனையோ வருஷம் கணவனும் பிள்ளையும் போய்வந்த ஊர்களைத் தங்கள் பங்குக்குப் பார்த்துவிட்டு வந்தார்கள் அந்தப் பெண்கள். இலவசம் மாநில எல்லைவரைதான். அத்திப்பள்ளியில் இறங்கி ஓசூருக்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். ஓசூர் போனால் தமிழ்நாட்டு டவுன் பஸ் மறுபடி இலவசம். நடுவில் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் காசு கொடுப்பதில் ஓசூர் போய்வரும் பெண்களுக்கு ஒரு தீராத ஆதங்கம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கிருகலட்சுமித் திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். அதைச் சேர்த்து ஃபிரிட்ஜ் வாங்கியவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. பெலகாவி மாவட்டம் ராய்பாக் தாலுகாவில் ஒரு மூதாட்டி, அந்தப் பணத்தைச் சேர்த்து 2024இல் ஊருக்கே ஹோளிகை விருந்து போட்டார். ஹோளிகை என்றால் நம் போளி. முதலமைச்சரே அதைப் பாராட்டினார். அந்தப் பணத்தில் தனக்கு ஒரு புடவை எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போளி போடுவதைவிடப் பெரிய ஆடம்பரம் அவருக்கு என்ன இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்டார்களா என்பது சந்தேகம்.

சீட்டும் ஓயவில்லை. பாய்க்குப் பதில் வாட்ஸாப் குழு. ஞாயிறு சாயங்காலம் அக்கா "ஆரம்பிக்கலாமா" என்று குரல்பதிவு போடுவார். தள்ளுத்தொகை டைப் அடித்து வரும், பணம் ஜி.பே.யில் போகும். எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டில் வேலை பார்க்கும் பெண் அப்படியொரு சீட்டில் இருக்கிறார். நடுவில் இரண்டு முறை பணமுடை வந்தும் வாயைத் திறக்காமல் தாண்டி, கடைசிச் சீட்டைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டார். என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாஷிங் மெஷின்தான். ஊரார் துணியெல்லாம் மெஷின்ல போட்டுட்டு வீட்டுக்குப் போய் எங்க துணியக் கையால துவைக்கிறேன். போதும்."

தவணையில் எப்போதோ வாங்கியிருக்கலாமே என்றேன்.

"மேல் வீட்டம்மா அப்படித்தான் வாங்கினாங்க. நாலு மாசம் பாக்கி இருக்கறப்பவே டிரம் போயிடுச்சு. ரிப்பேருக்கும் கட்டி, தவணையும் கட்டுறாங்க." சொல்லிவிட்டு அவர் கேட்டது வேறு. முன்பக்கம் திறக்கிறதா, மேலே திறக்கிறதா? எது நல்லது? எஜிபுராவில் அவர் இருக்கும் மாடியில் டேங்கிலிருந்து தண்ணீர் நூல் மாதிரிதான் வருமாம். குடத்தால் ஊற்றுகிற மாதிரி இருந்தால் சௌகரியம். மேலே திறக்கிறதையே பாருங்கள் என்றேன். ஆறரைக் கிலோவா ஏழு கிலோவா என்று அடுத்த கேள்வி வந்தது.